டில்லியைக் கேட்பதா, கல்கத்தாவைக் கேட்பதா?

கரியாஹாட்:

ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் ரோடும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி, கல்கத்தாத் தமிழர்களுக்குப் புதிய இடமல்ல. 2001-ல் ஊர்ப் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டது. நம்மவர் வாயில் அது இன்னும் கல்கத்தாதான். மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட். வாழை இலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், அப்போதே அரைத்த காபிப் பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். கிழக்கே நடந்தால் பத்து நிமிஷத்தில் பாலிகஞ்ச் ஸ்டேஷன். அங்கே ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் செல்கிறது. அதுதான் பிஜன் சேது. அதைத் தாண்டினால் கஸ்பா.

வாடகை குறைவு என்று கஸ்பா பக்கம் குடியேறிய குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் தினம் இரண்டு வேளை இந்தப் பாலத்தின் மேல்தான் போய் வருகிறார்கள். ஏப்ரல் 30-ந் தேதி மட்டும் அங்கே காவி உடுத்தவர்கள் கூடி, மலர் வைத்துக் கும்பிட்டு நிற்பதைப் பார்த்து, புதிதாக ஊருக்கு வந்தவர்கள் "என்ன விசேஷம்?" என்று கேட்பதுண்டு.

விசேஷம் இதுதான். 1982-ம் ஆண்டு ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை காலை. ஆனந்த மார்க்க இயக்கத்தைச் சேர்ந்த துறவிகள், தில்ஜலாவில் இருந்த தங்கள் ஆசிரமத்தில் நடக்கவிருந்த கல்வி மாநாட்டுக்காக டாக்சிகளில் போய்க்கொண்டிருந்தார்கள். பிஜன் சேதுவிலும் அதன் அருகே வேறு இடங்களிலும் கும்பல்கள் அவர்களை வழிமறித்தன. கீழே இழுத்துப் போட்டு அடித்து, தீ வைத்தன. 17 பேர் மாண்டார்கள். 16 பேர் ஆண் துறவிகள், ஒருவர் பெண் துறவி. நடுராத்திரி இருட்டிலே நடந்த காரியமல்ல. ஆபீசுக்கும் பள்ளிக்கும் ஜனங்கள் புறப்படுகிற வேளையில், நகரத்தின் நெரிசல் மிகுந்த ஒரு பகுதியில் நடந்தது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கிளப்பிவிடப்பட்ட வதந்தியே காரணம் என்றார்கள் சிலர். மார்க்சிஸ்டு கட்சியினரே செய்தார்கள் என்று ஆனந்த மார்க்கத்தார் குற்றம் சாட்டினார்கள். கட்சி அதை மறுத்தது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த சமயம். தேர்தல் நடந்தது. இடதுசாரி முன்னணி மறுபடியும் ஜெயித்தது. முதல் மந்திரி ஜோதிபாசு. போலீஸ் இலாகாவும் அவரிடமே இருந்தது. டில்லியில் இந்திரா காந்தி பிரதமர்.

1996-ல் தேசிய மனித உரிமைக் கமிஷன் விஷயத்தைக் கையில் எடுத்தது. 2012-ல், ஆட்சி மாறிய பிறகு, நீதிபதி அமிதவ லாலா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். ஆனால் 17 பேரைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தவர் ஒருவரும் கிடையாது. மந்திரி யாரும் பதவி விலகவும் இல்லை.

அப்படியானால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த ஒருவனுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அல்ல. அவனுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது. வார்டு கவுன்சிலரைத் தெரியாது. ஓட்டுகூட பல பேருக்கு ஊரிலேதான் இருக்கிறது. சர்க்காரைத் தவிர வேறு துணை இல்லாதவன் அவன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மாநிலப் பட்டியலில் முதல் இனம் பொது ஒழுங்கு. இரண்டாவது இனம் போலீஸ். ரயில்வே போலீசும் கிராமப் போலீசும் அதற்குள் அடக்கம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ரயில் மத்திய அரசுடையது. ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது. இந்த வேடிக்கையைப் பின்னால் பார்ப்போம்.

தேசப் பாதுகாப்பு, ராணுவம், எல்லை எல்லாம் மத்தியப் பட்டியலில். உளவு பார்க்கும் ஐ.பி.யும் டில்லியின் கையில். ஜில்லா போலீஸ் சூப்பிரண்டு டில்லி தேர்ந்தெடுத்த ஐ.பி.எஸ். அதிகாரி, ஆனால் அவரை எங்கே போடுவது, என்றைக்கு மாற்றுவது என்பது மாநில அரசின் விருப்பம். போதாக்குறைக்கு 355-வது ஷரத்து என்று ஒன்று. வெளி ஆக்கிரமிப்பிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் ஒவ்வொரு மாநிலத்தையும் காப்பது மத்திய அரசின் கடமை என்கிறது அது. காக்கும் கடமை டில்லிக்கு. காக்கும் போலீஸ் மாநிலத்துக்கு. ஒரு வீட்டுச் சாவி ஒருவரிடமும் பூட்டு இன்னொருவரிடமும் இருந்தால் திருடன் வந்த அன்றைக்கு என்ன நடக்கும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

சி.பி.ஐ. விஷயமும் அப்படியே. 1946-ம் ஆண்டுச் சட்டப்படி, மாநில அரசின் சம்மதம் இல்லாமல் சி.பி.ஐ. ஒரு மாநிலத்துக்குள் விசாரணை நடத்த முடியாது. 2001 ஜனவரியில் மித்னாப்பூர் ஜில்லா கார்பேட்டா பகுதியில் நடந்த தாக்குதல் சம்பந்தமான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2010 பிப்ரவரியில்தான் ஒரு முடிவு வந்தது. மாநிலம் சம்மதிக்காவிட்டாலும் ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. பிஜன் சேது நடந்து 28 வருஷங்களுக்குப் பிறகு.

டில்லி நேரே ஆண்டபோது

"எல்லாவற்றையும் டில்லியிடமே கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. லேக் மார்க்கெட் காபிக் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். அவர்கள் வங்காளத்தின் பழைய கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

1967 மே மாதம் நக்சல்பாரியில் கிளம்பிய தீ சில வருஷங்களில் கல்கத்தா வீதிகளுக்கு வந்துவிட்டது. 1969 ஏப்ரலில் காசிப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் மத்திய அரசின் காவலர்கள் சுட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அஜய் முகர்ஜி தலைமையில் இருந்த ஐக்கிய முன்னணி அரசே கடையடைப்புக்கு அறைகூவல் விடுத்தது! மாநிலத்துக்குள் மத்தியப் படைக்கு என்ன வேலை என்ற சண்டை அன்றே முற்றிப்போயிற்று.

1970 மார்ச்சில் அந்த மந்திரிசபை கவிழ்ந்து ஜனாதிபதி ஆட்சி வந்தது. அதாவது, போலீசும் டில்லியிடமே போயிற்று. ரத்தம் சிந்துவது நின்றதா? இல்லை. காலையில் வெளியே போனவர் மாலையில் திரும்புவாரா என்று வீட்டுப் பெண்கள் கவலைப்பட்ட நாட்கள் அவை. பராநகர், காசிப்பூர் வட்டாரத்தில் வீடு வீடாக இளைஞர்களை இழுத்துக் கொன்ற பயங்கரம் 1971 ஆகஸ்டு 12, 13 தேதிகளில் நடந்தது. அப்போதும் ஜனாதிபதி ஆட்சிதான். இறந்தவர் எத்தனை பேர் என்பதிலேயே கணக்குக்குக் கணக்கு வித்தியாசம். அதற்கும் எந்தத் தலையும் உருளவில்லை.

நம் ஊர்க் கதை இதைவிட உறைக்கக்கூடியது.

1990 ஜூனில், சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் தப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்து, தேசப் பாதுகாப்பைக் கோட்டை விட்டார் என்று முதல் மந்திரி கருணாநிதி மீது பழி வந்தது. 1991 ஜனவரி 30-ல் சந்திரசேகர் அரசு தி.மு.க. மந்திரிசபையைக் கலைத்தது. கலைக்கும்படி அறிக்கை அனுப்ப கவர்னர் பர்னாலா மறுத்துவிட்டார். கவர்னர் அறிக்கை இல்லாமலும் கலைக்கலாம் என்று 356-வது ஷரத்தில் இருக்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காரியத்தை முடித்தார்கள்.

ஆக, பாதுகாப்புக் குறைவுக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியாயிற்று. இனி போலீசும் டில்லியுடையது, உளவும் டில்லியுடையது, கவர்னரும் டில்லியுடையவர். நான்கு மாதம் நிறையவில்லை. 1991 மே 21-ந் தேதி இரவு, ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டு வெடித்து மாண்டார்.

பாதுகாப்பில் நேர்ந்த குறைகளைப் பற்றி விசாரித்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா கமிஷன் 1992-ல் அறிக்கை கொடுத்தது. ராஜீவ் பதவி விலகிய பின் அவருக்கு இருந்த எஸ்.பி.ஜி. காவலை எடுத்துவிட்டு, அதற்கு ஈடான ஏற்பாடு செய்யாத மத்திய அரசு, கூட்டத்தில் காவலைச் சரிவரச் செய்யாத தமிழ்நாடு போலீஸ், ஒழுங்கைக் கெடுத்த கட்சிக்காரர்கள் என்று எல்லோர் மீதும் குறை கண்டது. எல்லோர் மீதும் குறை என்று வந்தால் யாரும் தனியாகத் தலைகுனிய வேண்டியதில்லை அல்லவா? பின்னர் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையை வைத்து 1997-ல் குஜ்ரால் அரசையே கவிழ்த்தார்கள். ஆனால் 1991 மே மாதம் சென்னையில் நடந்த ஆட்சி டில்லியின் ஆட்சி என்ற எளிய விஷயத்தை யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

பதவி விலகியவர்கள்

பொறுப்பு ஏற்றவர்கள் இல்லாமலில்லை. ரயில்வே குடும்பங்கள் மறக்காத பெயர் லால்பகதூர் சாஸ்திரி. 1956-ல் மகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது மறுபடியும் கொடுத்தார். இம்முறை ஏற்கப்பட்டது. பாலத்தை வெள்ளம் அரித்ததற்கு மந்திரி என்ன செய்வார் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ரயில் என்பது ஒரே சர்க்காரின் சொத்து. எனவே யாரைக் கேட்பது என்ற குழப்பம் மட்டும் இல்லை.

2008 நவம்பர் 26 பம்பாய்த் தாக்குதலில் 166 பேர் இறந்த பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. மத்திய உள்துறை மந்திரி சிவராஜ் பாட்டீல் விலகினார். மகாராஷ்டிர துணை முதல் மந்திரி ஆர்.ஆர்.பாட்டீல் விலகினார். முதல் மந்திரி விலாஸ்ராவ் தேஷ்முக்கும் விலகினார். டில்லி, பம்பாய் இரண்டு இடத்திலும் சில நாட்களுக்குள் நாற்காலிகள் காலியாயின. சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம் உள்துறைக்கு வந்தார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அன்று டில்லியிலும் பம்பாயிலும் ஆண்டது ஒரே கூட்டணி. பழியைத் தள்ளிவிட எதிர்த் தரப்பில் ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் இரண்டு கட்சி என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2010 மே 28-ஐப் பார்த்தால் போதும்.

அன்று பின்னிரவில், ஹௌராவிலிருந்து பம்பாய் போன ஞானேஸ்வரி எக்ஸ்பிரஸ், மேற்கு மித்னாப்பூர் ஜில்லாவில் கேமாசுலி - சர்டிஹா ஸ்டேஷன்களுக்கு இடையே தடம் புரண்டது. பக்கத்துப் பாதையில் விழுந்த பெட்டிகளின் மேல் எதிரே வந்த சரக்கு ரயில் மோதியது. ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் கழற்றப்பட்டிருந்தன. மாவோயிஸ்டுகளின் நடமாட்டம் மிகுந்த வட்டாரம் அது.

ரயில்வே மந்திரி மம்தா பானர்ஜி. முதல் மந்திரி புத்ததேவ் பட்டாச்சாரியா. இரண்டே நாளில் கல்கத்தா மாநகராட்சித் தேர்தல். குண்டு வெடித்தது என்றது ரயில்வே தரப்பு. நாசவேலைதான், ஆனால் குண்டுக்கு அடையாளம் இல்லை என்றது மாநிலப் போலீஸ். சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்று ரயில் பவனும், ரயில் பாதை ரயில்வேயின் பொறுப்பு என்று ரைட்டர்ஸ் கட்டிடமும் பந்தாடிக்கொண்டிருந்தபோது, கரக்பூர் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் உடல்களை அடையாளம் காட்டக் காத்திருந்தார்கள். வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று. அந்தப் பாதையில் இரவு ரயில்களை நீண்ட காலம் நிறுத்தி வைத்தார்கள். பிரயாணிகளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு நடவடிக்கை, ரயில் ஓடாததுதான்!

எதிரிகளும் சேர்ந்த இடம்

அதிகாரத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால் மட்டும் மாநிலங்கள் ஒன்றாகிவிடும். ராஜமன்னார் குழுவைக் கருணாநிதி அரசு 1969-ல் அமைத்தது. 1971-ல் அறிக்கை வந்தது. ஜோதிபாசு அரசு 1977 டிசம்பரில் தன் கோரிக்கை மனுவை வெளியிட்டது. போலீஸ் முழுக்க மாநிலத்திடமே இருக்க வேண்டும், மத்தியப் படைகள் தலையிடக் கூடாது என்பது அதில் ஓர் அம்சம். 1983-ல் அமைக்கப்பட்ட சர்க்காரியா கமிஷனோ, மாநிலத்தைக் கலந்துகொண்டு அனுப்புவது நல்லது, ஆனால் சம்மதம் கட்டாயமில்லை என்று முடித்துவிட்டது.

2012-ல் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் ஒன்றை ஐ.பி.யின் கீழ் அமைத்து, கைது செய்யும் அதிகாரமும் கொடுக்கச் சிதம்பரம் திட்டம் போட்டார். மம்தா எதிர்த்தார், ஜெயலலிதா எதிர்த்தார், ஒரிசாவின் நவீன் பட்நாயக் எதிர்த்தார், அன்று குஜராத் முதல் மந்திரியாக இருந்த நரேந்திர மோடியும் எதிர்த்தார். மே 5-ந் தேதி முதல் மந்திரிகள் மாநாடு கூடிக் கலைந்தது. திட்டம் கிடப்பில் போயிற்று. 2021 அக்டோபரில், மோடி பிரதமராக இருக்கையில், வங்காளத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார எல்லை 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக உயர்ந்தது. அடுத்த மாதமே வங்காளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நாற்காலி மாறினால் கண்ணாடியும் மாறிவிடுகிறது.

மாநில உரிமை என்று பேசுவதில் தவறில்லை. தமிழ்நாட்டைவிட அதை உரக்கச் சொன்னவர் யார்? ஆனால் போலீஸ் எனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர், பிஜன் சேதுவில் போலீஸ் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர். டில்லிக்கும் அதே நியாயம்தான்.

பெட்டி தொலைத்த தொழிலாளி

பெரிய விஷயங்கள் இருக்கட்டும். சென்னை மெயிலில் ஏறினால் தமிழ்நாடு, ஆந்திரம், ஒரிசா, வங்காளம் என்று நான்கு மாநிலங்கள். நான்கு ரயில்வே போலீஸ். வண்டிக்குள் துப்பாக்கியோடு வருகிற ஆர்.பி.எப். மத்திய அரசின் படை. ஆனால் சாமான் திருட்டு போனால் வழக்குப் பதிவு செய்வது மாநிலத்தின் ரயில்வே போலீஸ்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கஸ்பாவில் ஓட்டல் வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி, ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரவில் பெட்டியைப் பறிகொடுத்தார். தங்கைக்கு எடுத்த புடவை மாற்றுவதற்காக வந்தது, இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம், ரேஷன் கார்டு நகல் எல்லாம் அதில். வழியில் ஒரு ஜங்ஷனில் இறங்கி ஆர்.பி.எப். ஜவானிடம் சொன்னார். அவர் ரயில்வே போலீசைக் காட்டினார். ரயில்வே போலீஸ்காரர், பெட்டி போனது முந்திய மாநிலத்தில், அங்கே போய்க் கொடு என்றார். வண்டியும் புறப்பட்டுவிட்டது.

லேக் மார்க்கெட்டில் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரிடம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் யாரைப் போய்க் கேக்கறது? ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கை காட்டுதாங்க."

"தம்பி, இறங்கின எடத்துலயே எழுதிக் கொடுக்கணும். வாங்கமாட்டேன்னு அவன் சொல்ல முடியாது. வா, ஹௌரா போவோம்."

பெரியவர் சொன்னது சரியே. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஜீரோ எப்.ஐ.ஆர். என்று பெயர். பதிவு செய்த பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது போலீசின் வேலை. புகார் கொடுத்தவர் அலைய வேண்டியதில்லை. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஓடும் வண்டியில் இருந்தே 139 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லவும் வழி உண்டு. டிக்கெட்டையோ அதன் எண்ணையோ பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதில்லாமல் பேச்சு நகராது.

ஹௌராவில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து எழுதிக்கொண்டார்கள். எண் போட்ட நகல் கைக்கு வந்தது. புகார் ஒரிசாவுக்குப் போயிருக்கிறது. பெட்டி இன்னும் வரவில்லை. நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தொழிலாளி தினம் காலையில் பிஜன் சேதுவைக் கடந்து கரியாஹாட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்.